சனிக்கிழமைப் பணிக்கு ஒரே முறை வந்த நோட்புர்காவுக்கு

பனிமலை பெற்ற பாவையே! சரிவுகளைச் சாய்த்த சாகச நாயகியே! காற்றை முந்திக் கோட்டைத் தொட்ட கால்டெக் ஊரின் கண்மணியே! உலகக் கோப்பையை ஊருக்குள் கொண்டுவந்த ஒப்பற்ற வீராங்கனையே! எல்லாவற்றுக்கும் மேலாக, கால்டெக் சுங்கச் சோதனைச் சாவடியின் இளநிலை ஆய்வாளர் நோட்புர்கா பிராக்ஸ்மரர் அவர்களே! ஊரார் உங்களைப் புர்கி என்று கூப்பிடட்டும். இன்று ஒரு நாளாவது நாங்கள் முழுப்பெயரையும் பதவியையும் சேர்த்துத்தான் அழைப்போம், ஏனென்றால் அது எங்கள் சாவடியின் பதவி.

'பதினாறு ஆண்டுகள் எங்களோடு தோளோடு தோள் நின்று உழைத்தீர்கள்' என்றுதான் இந்த மடலைத் தொடங்கினோம். எழுதிய மை காய்வதற்குள் எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடித்துவிட்டோம். குளிர்காலம் முழுக்கப் பனியில் சறுக்கிப் பந்தயம் ஓடுகிற பிள்ளைகள் கோடையில் கஞ்சிக்கு அல்லாடக் கூடாதென்று, நம் அரசு அவர்களைச் சுங்கத்துறையில் சேர்த்துச் சம்பளம் போடுகிறது. அப்படித்தான் பதினெட்டு வயதில் உங்கள் பெயர் எங்கள் பணிப் பட்டியலில் நான்காவதாக ஏறியது. ரோஸ்விதா, செவரின், கெபார்ட், நோட்புர்கா. தலைமையகத்தைப் பொறுத்தவரை இது நான்கு பேர் வேலை பார்க்கும் சாவடி. மழையிலும் பனியிலும் நின்று வண்டியை மறித்து, பின்கதவைத் திறக்கச் சொன்னவர்கள் மூன்றே பேர். உங்கள் பங்குக்கு விழுந்த சனிக்கிழமைகளையெல்லாம் செவரின் பார்த்தார். பார்த்தார் என்றா சொன்னோம்? புலம்பிக்கொண்டே பார்த்தார். இந்த மடலை இப்போது உங்கள் விடைபெறும் விழா மேடையில் நின்று உரக்க வாசிப்பவரும் அவர்தான். இந்த வரிகளை அவர் முழுங்கிவிட்டால், ரோஸ்விதா எழுந்து வந்து முதலிலிருந்து வாசிப்பார் என்பதை அவைக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஆனாலும் அம்மணி, எங்கள் சாவடியின் சின்னத் தொலைக்காட்சியில் உங்களைப் பார்த்துப் பூரித்த பூரிப்புக்கு அளவுண்டா! முதல் குளிர்காலத்தில் நாற்பது பேருக்குப் பின்னால் இறங்கும் எண்ணை மார்பில் கட்டிக்கொண்டு, முன்னால் போனவர்கள் உழுது போட்டுவிட்ட பாதையில், விழாமல் வந்தாலே போதும் என்று நாங்கள் விரல்களைக் கோத்துக்கொண்டிருக்க, விழாமல் மட்டுமா வந்தீர்கள், விளையாட்டாக ஏழாவதாக வந்தீர்கள்! அன்றிலிருந்து நீங்கள் புறப்படும் மேடையில் நின்றால் கெபார்ட் போய்ச் சாலையின் தடுப்புக் கம்பத்தை இறக்கிவிடுவார். நீங்கள் கீழே வந்து சேரும்வரை இரண்டு நாட்டுக்கும் இடையில் ஒரு வண்டி நகராது. எதிர்ப்பக்கத்துச் சுவிஸ் அதிகாரிகளும் தங்கள் அறையைச் சாத்திக்கொண்டு எங்கள் தொலைக்காட்சிக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் நாட்டுப் பெண் தோற்றால் காபி அவர்கள் செலவு. உங்களால் நாங்கள் குடித்த காபி கொஞ்சமல்ல.

சுங்கத்துறைக்காரர்கள் ஒரு மடல் எழுதி, அதில் வருமானத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் யார் நம்புவார்கள்? நீங்கள் முதன்முதலாக வென்ற அன்று பரிசுத்தொகையைச் செய்தியில் சொன்னார்கள். செவரின் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒன்றரை நிமிடத்தில் நீங்கள் ஈட்டியது, அவர் ஓராண்டு முழுக்க நின்று ஈட்டுவது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "சனிக்கிழமையும் சேர்த்துத்தான்" என்றார். 

பரிசைவிடப் பெரிய காசு நெற்றியில் இருக்கிறது என்பது அப்புறம்தான் எங்களுக்குப் புரிந்தது. உடுப்பு பனிச்சறுக்குச் சங்கத்தினுடையது, அதில் ஒட்டிய விளம்பரமும் சங்கத்தினுடையது. ஹெல்மெட்டின் நெற்றி மட்டும் ஓடுகிறவருக்குச் சொந்தம், விரும்பியவருக்கு விற்றுக்கொள்ளலாம். உங்கள் நெற்றியை முதலில் கீழூர்க் கறிக்கடைக்காரர் வாங்கினார். பேசிய தொகையில் பாதியைத் தொத்திறைச்சியாகவே கொடுத்துக் கழித்துவிட்டார் என்று உங்கள் அப்பா இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்கிறார். பிறகு ஜன்னல் செய்யும் கம்பெனி வாங்கியது. பிறகு ஒரு வங்கி வாங்கியது. கோப்பைகள் குவிந்தன, கொடிகள் பறந்தன, உங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் புதுக் கூரை வந்தது.

பிறகு நீங்கள் விழுந்து, வலது முட்டி முறிந்த அந்த நாள். நாங்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம், மறுபடி மறுபடி காட்டினார்கள், கெபார்ட் எழுந்து போய் அணைத்தார். வங்கிக்காரர்கள் பூச்செண்டு அனுப்பினார்கள், ஒப்பந்தத்தை அனுப்பவில்லை. நெற்றி காலியானது. இரண்டு குளிர்காலம் நீங்கள் ஊன்றுகோலோடும் பிறகு வெறும் பிடிவாதத்தோடும் நடந்தபோது, மாதம் தவறாமல் வந்தது இந்தச் சாவடியின் இளநிலை ஆய்வாளர் சம்பளம் ஒன்றுதான். ரோஸ்விதா அந்த நாட்களில் சிவப்பு நூலில் ஒரு தொப்பி பின்னி, அதில் சாவடியின் பெயரைக் கோணல்மாணலாகப் போட்டு உங்களுக்கு அனுப்பினார். 'நெற்றி சும்மா இருக்க வேண்டாமே' என்று மட்டும் எழுதியிருந்தார்.

அந்தத் தொப்பியை மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு நீங்கள் திரும்ப வந்து வென்ற நாளில் நாங்கள் மூவரும் அழுதோம். செவரின் தன் கண்ணில் புகை பட்டது என்கிறார். சாவடியில் விறகடுப்பு கிடையாது. வாரம் முடிவதற்குள் ஒரு கடிகாரக் கம்பெனி ஓடிவந்து, வங்கி கொடுத்ததைப்போல மூன்று மடங்கு கொடுத்து உங்கள் நெற்றியை வாங்கியது. நீங்களோ முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு எங்கள் சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு படக்கருவிகளுக்கு முன்னால் நின்றீர்கள். கம்பெனிக்காரர்கள் முகம் சுளித்தபோது, "நான் வித்தது ஹெல்மெட்டோட நெத்திய. தலை என்னோடது" என்று சொன்னீர்களாம். கடைசியில் அவர்கள்தான் இறங்கிவந்து, எங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஓரமாகத் தங்கள் பெயரைத் தைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பருவத்தின் முடிவில்தான் கன்றுக்குட்டி வந்தது. அந்தச் சுவிஸ் ஊரில் வென்றவருக்குப் பணத்தோடு ஒரு கன்றும் கொடுப்பார்கள். வென்றவர்கள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள், பிறகு கன்றைக் கொடுத்த விவசாயியிடமே விட்டுவிட்டு அதன் விலையை வாங்கிக்கொண்டு போவார்கள். நீங்கள் மாட்டுக்கொட்டகையில் வளர்ந்த பெண். கன்றைத்தான் வாங்கிக்கொண்டீர்கள். இரவல் இழுவண்டியில் அதை ஏற்றி, காரோடு பூட்டி, வெற்றி மயக்கத்தில் நேராக எங்கள் சாவடிக்கு ஓட்டிவந்தீர்கள். தடுப்பில் நின்றவர் செவரின். இருட்டில் பனி வேறு கொட்டிக்கொண்டிருந்தது, ஹெல்மெட்டும் கண்ணாடியும் மூடிய சுவர்ப் படத்தையே பார்த்துப் பழகியவருக்கு உங்களை அடையாளம் தெரியவில்லை. அன்று நடந்த பேச்சை அவர் எத்தனையோ முறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார், ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே எழுதுகிறோம்.

"தெரிவிக்க வேண்டிய பொருள் ஏதாவது இருக்காம்மா?"

"ஒண்ணும் இல்லைங்க."

பின்னாலிருந்து கன்று கத்தியது. செவரின் போய் இழுவண்டியின் படுதாவைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இது ஒண்ணும் இல்லையா?"

"அது பொருள் இல்லைங்க, பரிசு."

"பரிசுக்கும் வரி உண்டு. மாட்டு டாக்டர் பார்க்காம உயிருள்ளது எதுவும் தாண்டக் கூடாது. சுங்கத்துல வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

"நானே சுங்கத்துலதாங்க வேலை பார்க்கிறேன். இந்தச் சாவடியிலதான்."

செவரின் உங்களையும் அந்தச் சிவப்புத் தொப்பியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்படியா? சனிக்கிழமை எல்லாம் எங்க போயிருந்தே?"

நீங்கள் பதில் சொல்லவில்லை, முகம் தொப்பி நிறத்துக்குப் போய்விட்டது என்கிறார். வரியும் அபராதமும் போட்டார், ஒரு காசு குறைக்கவில்லை. மலையில் பனிச்சரிவு அபாயம் என்று சாலையை மூடிவிட்டதால் மாட்டு டாக்டரால் சில நாள் வர முடியவில்லை. கன்றை விட்டுப் போக மாட்டேன் என்று நீங்களும் எங்களோடு தங்கிவிட்டீர்கள். நடுவில் ஒரு சனிக்கிழமை வந்தது, மேற்கே சுவிஸ் பக்கச் சாலை மட்டும் திறந்தது. "இன்னைக்கு நான் பார்த்துக்கறேன் அண்ணே, நீங்க போய்த் தூங்குங்க" என்று அவரை அனுப்பிவைத்தீர்கள். பாவம், அவருக்குத் தூக்கம் வரவில்லை. மதியமே எட்டிப் பார்க்க வந்துவிட்டார். நம் ஊர்க் கடைகளில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும் சுவிஸ்காரர்கள், வரியைத் திரும்பப் பெற முத்திரை கேட்டு வளைவு தாண்டி வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் உங்களோடு படம் எடுத்துக்கொள்ள, நீங்கள் முத்திரையைத் தலைகீழாகக் குத்தி, அதன் மேலேயே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் காகிதங்களை ஒருவர்கூடக் கொடுத்துப் பணம் வாங்கவில்லையாம், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்களாம். அரசுக்கு அன்று நீங்கள் ஈட்டித் தந்த லாபம் எங்கள் மூவரையும் மிஞ்சியது.

கன்றுக்கு 'வரி' என்று பேர் வைத்தோம். இப்போது அது பசு. வரியின் பால்தான் எங்கள் காபிக்கு வருகிறது. அன்று கிளம்பும்போது, "எல்லாம் முடிஞ்சதும் இங்கதான் வருவேன்" என்றீர்கள். நாங்கள் சரி சரி என்றோம். விருந்தாளிகள் போகும்போது எல்லோரும் சொல்வதுதானே.

இனி எழுத மனமில்லாத பத்தி. முப்பத்துநான்கு வயதில், முட்டி போதும் என்று சொன்ன பிறகு, புகழின் உச்சியில் நின்று விடைபெறுகிறீர்கள். வியன்னாவின் தொலைக்காட்சி நிலையம் உங்களை வர்ணனைக்குக் கூப்பிடுகிறது, கைநிறையச் சம்பளம். போனால், எங்கள் பட்டியலின் நான்காவது பெயர் அழியும். மூன்று பெயரை வைத்து இரவும் பகலும் ஒரு சாவடியைத் திறந்து வைக்க விதியில் இடமில்லை என்று தலைமையகம் சொல்லிவிட்டது. கால்டெக்கைப் பூட்டிவிட்டு எங்களை ஆளுக்கொரு திசையில் விமான நிலையத்துக்கும் ரயிலடிக்கும் அனுப்புவார்கள். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்றார் ரோஸ்விதா. சொல்லவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவர் யார் தெரியுமா? பதினாறு ஆண்டுகள் உங்கள் சனிக்கிழமைகளைப் புலம்பிக்கொண்டே பார்த்த அதே செவரின். "அந்தப் பொண்ணு முட்டி தேய்ஞ்சு சம்பாதிச்சிருக்கு. இனிமேலாவது சனிக்கிழமை தூங்கட்டும். நாம எங்க போனாலும் வண்டிதானே மறிக்கப் போறோம்" என்றார். வாதத்தில் ரோஸ்விதா வென்றதால் பத்தி இருக்கிறது. ஆனால் முடிவு செவரினுடையது: உங்களை நாங்கள் எதுவும் கேட்கப் போவதில்லை.

ஆகவே, வேகத்தின் வேங்கையே, வெள்ளிப் பனியின் வித்தகியே! நோய் நொடியின்றி, நூறாண்டு நிமிர்ந்து, வலது முட்டியும் இடது முட்டியும் ஒத்துழைக்க, வரியும் அதன் கன்றுகளும் வளர, நெற்றி என்றும் உங்களுக்கே சொந்தமாக வாழ்க! வியன்னாவுக்குச் சென்று, வென்று, எப்போதாவது எங்களையும் நினைத்துக்கொள்க!

மடலைக் கண்ணாடிச் சட்டத்தில் போடுவதற்கு முன் சேர்த்தது: ஊர் மண்டபத்தில் செவரின் மேலே உள்ள வாழ்த்து வரை வாசித்துவிட்டார். 'சென்று' என்ற இடத்தில் நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், அப்படியும் வாசிக்க வரவில்லை. அப்போது நோட்புர்கா படியேறி மேடைக்கு வந்து, ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை எல்லாம் எங்க போயிருந்தேன்னு கேட்டீங்க இல்ல அண்ணே. அன்னைக்கு பதில் சொல்லல. சம்பாதிக்கப் போயிருந்தேன். சம்பாதிச்சாச்சு. வியன்னாக்காரங்களுக்குக் காலையிலேயே வரலைன்னு சொல்லிட்டேன். வர்ற சனிக்கிழமை நான் எத்தனை மணிக்கு வரணும்?"

 செவரின் மடலை மடித்தார், விரித்தார். "ஆறு மணிக்கு" என்றார், பக்கத்தில் நின்றவருக்கே கேட்காத குரலில். பிறகு கொஞ்சம் உரக்க, "முத்திரைய நேராப் பிடிக்கணும்" என்றார்.

ஆகையால் இந்த மடலில் 'வியன்னாவுக்குச் சென்று' என்பதைச் 'சாவடிக்கு வந்து' என்று வாசிக்கவும். பாராட்டும் வாழ்த்தும் அப்படியே செல்லும்.

இப்படிக்கு,
கால்டெக் சுங்கச் சோதனைச் சாவடிப் பணியாளர்கள்

ரோஸ்விதா
செவரின்
கெபார்ட்
நோட்புர்கா