பட்டன் தேசத்து ராணி

பள்ளிக்கூடச் சட்டையில் முதலில் அறுந்து விழுவது மேலிருந்து இரண்டாவது பட்டன்தான். இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறவள் சொல்கிறேன். பிள்ளைகள் சண்டையில் கொத்தாகப் பிடித்து இழுப்பது அந்த இடத்தைத்தான்.

அறுந்ததையும் உடைந்ததையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். மாடி வீட்டு நர்ஸின் மூத்த பெண் ஒருநாள் வாசலில் நின்று, "அத்தை, இதெல்லாம் உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டாள். அவளுக்கு ஏழு வயது, தங்கைக்கு நாலு. டப்பாவோடு தூக்கிக் கொடுத்தேன்.

மாடிப்படிக்குக் கீழே இருவரும் ஒரு தேசம் கட்டினார்கள். என் மெஷின் ஜன்னலை ஒட்டி இருந்ததால் அவர்களுடைய குசுகுசுப்பு எல்லாம் காதில் விழும். இரண்டு ஓட்டைப் பட்டன்கள் குடியானவர்கள், நாலு ஓட்டைப் பட்டன்கள் சிப்பாய்கள். கோட்டிலிருந்து விழுந்த பெரிய கறுப்புப் பட்டன்தான் ராணி. ராணிக்குப் பிள்ளை இல்லை. அது அந்தப் பெண்ணே கட்டிய கதை, நான் சொல்லிக் கொடுத்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா வேலை முடிந்து வந்ததும் பெரியவள் தேசத்துச் சேதியோடு மேலே ஓடுவாள். "சரி சரி, முதல்ல கை கால கழுவு" என்பாள் அம்மா. அப்பா பஸ் டிரைவர். "உங்க ராணிய வந்து நம்ம வீட்டுப் பாத்திரத்தத் தேய்க்கச் சொல்லு" என்பார். அவர்களைக் குறை சொல்லவில்லை. அலுத்துக் களைத்து வருகிறவர்கள். ஆனாலும் பிள்ளை வாயைத் திறந்தால் யாராவது காது கொடுக்க வேண்டாமா?

நான் கொடுத்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில், "சிப்பாய்களை வரிசையாக நிறுத்தியதற்கு நன்றி. இப்படிக்கு ராணி" என்று எழுதிச் செங்கல் இடுக்கில் செருகினேன். மறுநாள் அதை அவள் இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு தங்கையிடம், "நெஜமாவே இருக்காங்கடி" என்றாள். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

எட்டு மாதம் எழுதிக்கொண்டோம். எந்தப் பல் ஆடுகிறது, எந்த டீச்சரைக் கண்டால் பயம், எல்லாம் எனக்குத் தெரியும். பெற்றவளுக்கோ, பல் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

எனக்கும் ஒருத்தி இருந்தாள். ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதை நான் காரணமாகச் சொல்ல வரவில்லை. நீங்கள் கேட்டதால் சொன்னேன்.

கடைசிக் கடிதம் உங்கள் மேஜைமேலேயே இருக்கிறது. "என் தேசத்துக்கு வா. அம்மாவிடம் சொல்லிவிட்டு வா" என்றுதான் எழுதியிருக்கிறேன். அவளும் சொன்னாள். படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், "ராணி கூப்பிட்டிருக்காங்க, போகட்டுமா?" என்றாள்.

"போய்ட்டு வாடி கண்ணு. பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும், தெரிஞ்சுதா?"

அம்மா சிரித்துக்கொண்டே அவள் தலையைக் கோதிவிட்டு வேலைக்குப் போனாள். நீங்கள் கடத்தல் என்று எழுதியிருக்கிறீர்கள்.

தெருமுனையில் என்னைப் பார்த்ததும், "அத்தை, நீங்களா ராணி?" என்றாள். பயப்படவில்லை. அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஏறினோம், பிறகு ரயில்.

அன்று சாயங்காலம் சின்னவள், "அக்கா ராணி ஊருக்குப் போயிட்டா" என்று வீட்டில் ஒவ்வொருவரிடமும் சொன்னாளாம். "விளையாடாத, அவ எங்க ஒளிஞ்சிருக்கா சொல்லு" என்று அப்பா அலமாரிகளைத் திறந்து பார்த்தாராம். அந்தப் பேச்சை நீங்கள் காதில் வாங்க இரண்டு நாள் ஆயிற்று. நாலு வயதுக் குழந்தை நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறது. யாரும் நம்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் அம்மாவிடம் சொல்லிவிட்டு வரச் சொன்னேன்.

என் பெட்டியில் நீங்கள் கண்டெடுத்த ஒன்பது கவுன்களும் நான் தைத்தவைதான். ஒன்றைவிட ஒன்று இரண்டு விரற்கடை நீளம். கடைசிக் கவுன் பதினாறு வயதுக்கு. அளவு, அவள் அம்மாவே சீருடை தைக்கக் கூட்டிவந்தபோது எடுத்தது. முதல் துணியை வெட்டியபோது நான் ஒரு கடிதம்கூட எழுதியிருக்கவில்லை.

நீங்கள் வந்து கண்டுபிடிக்கும் வரை வாடகை அறையில் பன்னிரண்டு நாள் இருந்தோம். அவள் தலைமுடியை என் பெண்ணுடையது போலவே கத்தரித்தேன். என் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முதலில் திரும்பவில்லை, போகப் போகத் திரும்பினாள்.

இப்போது அவள் விளையாடுவதே இல்லையாம். தங்கை பட்டன்களைப் பரப்பினால் எழுந்து போய்விடுகிறாளாம். நீங்கள்தான் சொன்னீர்கள்.

என்னோடு சந்தோஷமாக இருந்தாளா என்று கேட்டீர்கள். முதல் இரண்டு நாள் அத்தை என்றுதான் கூப்பிட்டாள். மூன்றாம் நாளிலிருந்து, கடைக்குப் போக நான் வெளியே பூட்டும்போதெல்லாம், கதவுக்கு உள்ளேயிருந்து அம்மா, அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஒரு தடவைகூட நான் "ஏம்மா" என்று பதில் குரல் கொடுக்காமல் போனதில்லை.