ஒரே ஒரு வார்த்தை

— அதெப்படிடா தொலையும்?

— தொலைஞ்சுதுக்கா. விடேன்.

— எங்கே?

— பஸ் ஸ்டாண்டுல. இல்ல... ஆட்டோவுல.

— பஸ் ஸ்டாண்டா, ஆட்டோவா?

— ரெண்டுக்கும் நடுவுல.

— நடுவுல என்ன இருக்கு, சமுத்திரமா?

— அக்கா, நான் உன் தம்பி. கைதி இல்ல.

— போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள வந்து, இன்ஸ்பெக்டர் எதிர்ல உக்காந்துக்கிட்டு, கேள்வி கேக்காதேன்னா? பல்லு பிடுங்கவா வந்தே?

— புது சிம் வாங்கணும். போன் தொலைஞ்சுபோச்சுன்னு ஒரு சீட்டு, கீழ உன் கையெழுத்து, மேல ஒரு சீல். அவ்வளவுதான். டீகூட வேண்டாம்.

— டீ சொல்லியாச்சு. சீட்டு கிடையாது.

— ஏன்?

— இந்த ஸ்டேஷன்ல அந்த வார்த்தையை எழுதறதில்ல.

— எந்த வார்த்தை?

— தொலைஞ்சுபோச்சுங்கிறது. நான் இந்த நாற்காலிக்கு வந்த அன்னிக்கே ஒழிச்சுக் கட்டிட்டேன். அதுக்கு முன்னாடி, பைக்ல வந்து பிடுங்கிட்டுப் போனாலும் தொலைஞ்சுபோச்சு. கழுத்துல கிடந்ததை அறுத்துட்டுப் போனாலும் தொலைஞ்சுபோச்சு. தொலைஞ்சா அது குற்றம் இல்ல பாரு. குற்றம் இல்லேன்னா கணக்குல வராது. கணக்குல வரலேன்னா யாரும் தேட வேண்டாம்.

— இப்போ?

— திருடு போனா திருடு போச்சுன்னு எழுதறோம். அதனாலதான்...

— மேடம்...

— சொல்லுங்க ஏட்டய்யா.

— டிவியில நம்ம ஸ்டேஷன் பேரு ஓடுது மேடம். மந்திரி கட்சிக்காரர் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுறார். போன வருஷத்தைவிட ரெண்டு மடங்கு குற்றமாம். ராணுவம் வந்தே ஆகணுமாம்.

— மேயர் கட்சிக்காரர்?

— பாதியா குறைஞ்சுடுச்சுங்கிறார் மேடம். அவரும் ஒரு அட்டை வெச்சிருக்கார்.

— ரெண்டு பேரும் கை வலிக்கிற வரைக்கும் தூக்கிட்டு நிக்கட்டும். நீங்க சத்தத்தைக் குறைச்சுட்டு, பெஞ்சுல இருக்கிறவங்ககிட்ட புகாரை வாங்குங்க.

— சரிங்க மேடம்.

— ரெண்டு மடங்கா! உனக்கு அசிங்கமா இல்லையாக்கா?

— பெருமையா இருக்குடா. திருடன் அதே திருடன்தான். புகார் குடுக்க வர்றவங்கதான் கூடியிருக்காங்க. புருஷன் கை ஓங்கினான்னு ஒரு பொண்ணு தனியா இந்தப் படி ஏறி வர்றா. முன்னாடியெல்லாம் தெருமுனையில நின்னு பாத்துட்டுத் திரும்பிடுவாங்க. என் ஏட்டய்யா இப்போ நாற்காலி போட்டு உக்காரச் சொல்றார்.

— எல்லாம் சரி. ஆனா சாயங்காலம் கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போறவனுக்கு பயம் இருக்கா இல்லையா? நாலு பசங்க யூனிஃபார்ம்ல, துப்பாக்கியோட முக்குல நின்னா அவனுக்கு ஒரு தெம்புதானே?

— அந்த நாலு பேர்கிட்டப் போய், என் போனைப் பிடுங்கிட்டாங்கய்யான்னு சொன்னா என்ன செய்வாங்க? சுடுவாங்களா?

— வெள்ளம் வந்தப்போ உன் ஜனங்களைப் படகுல தூக்கிட்டு வந்தது யாரு? ராணுவத்துல இருக்கிற நாங்கதானே!

— அதுக்கு இன்னிக்கும் கும்பிடு போடறேன். வெள்ளத்தை அடக்கப் போனீங்க. இங்கே யாரை அடக்கப் போறீங்க? எந்தப் பையன் எந்த வீட்டுல தூங்குறான்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு எல்லாரும் ஒண்ணாத்தான் தெரிவாங்க.

— அப்படிச் சொல்லாதே. என் பசங்க ஒழுங்கானவங்க. ஒருத்தன்கூட வாய் தவறி ஒரு சொல்லு...

— ஏன்டா, இவ்வளவு வக்காலத்து எதுக்கு? யாரோ எங்கேயோ வரப் போறாங்க. உன் பசங்களுக்கு என்ன?

— சும்மா... பொதுவா சொன்னேன்.

— லீவுல வந்தேன்னு சொன்னியே, பெட்டி எங்கே?

— பெட்டி... நாளைக்கு வரும்.

— பெட்டி தனியா டிக்கெட் எடுத்து வருதா? லீவுன்னா நேரா அம்மா மடியிலதானே போய் விழுவே. என் கடைத்தெருவுல உனக்கு என்னடா ஜோலி?

— அக்கா...

— சொல்லு.

— நாளைக்குக் காலைல இங்கே இறங்கப் போற பட்டாளம் எங்க கம்பெனிதான். நான்தான் கேப்டன். மஃப்டியில இடம் பாக்க வந்தேன். திட்டணும்னா திட்டு.

— இடம் பாக்க வந்தவன்கிட்டயே போனை அடிச்சுட்டானா!

— சிரிக்காதேக்கா!

— பைக்கா?

— ...பைக்தான். பின்னாடி உக்காந்திருந்தவன் கையை நீட்டினான், அவ்வளவுதான். துரத்தினேன். விடலை.

— பிடிச்சியா?

— செருப்பு அறுந்துடுச்சு.

— அய்யோ, அய்யோ! பனிமலை ஏறின கேப்டனை ரப்பர் செருப்பு கவுத்திடுச்சா! என் பிள்ளை எல்லையைக் காக்கிறான்னு அம்மா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கா. எல்லையைக் காத்தான், பாக்கெட்டை விட்டுட்டான்!

— இதுக்குத்தான் சொல்லாம இருந்தேன். கெஞ்சிக் கேக்கறேன், அதை எழுதிடாதே. நாளைக்கு நான் ஜீப்பை விட்டு இறங்கும்போது பேப்பர்காரன் எவனாவது மோப்பம் பிடிச்சா என் மானம் கப்பலேறும். என் பசங்க முகத்துல எப்படி முழிப்பேன்? தொலைஞ்சுபோச்சுன்னு போட்டுடு. ஒரே ஒரு வார்த்தைதானேக்கா!

— இதையேதான் கமிஷனரும் சொன்னார்.

— எதை?

— காலைல போன் பண்ணினார். ஒரே ஒரு வார்த்தைதானேம்மா, இந்த மாசத்துப் புகாரை மட்டும் தொலைஞ்சுபோச்சுன்னு மாத்திக் குடுங்க, கணக்கு இறங்கிடும், பட்டாளம் வராதுன்னார்.

— நீ?

— முடியாதுன்னேன்.

— லூசாக்கா நீ? பட்டாளம் வேண்டாம்னு இவ்வளவு நேரம் என்னைக் காய்ச்சி எடுத்தே. மாத்தியிருந்தா நான் வரவே மாட்டேனே!

— நீ வராம இருக்கணும்னு, என்னை நம்பிப் படியேறி வந்தவங்களைப் பொய்யாக்கணுமா? மேயருக்கு கம்மியா வேணும். மந்திரிக்கு ஜாஸ்தியா வேணும். எனக்கு நடந்தது நடந்தபடி வேணும்.

— கமிஷனர் சும்மா விட்டாரா?

— போனை வெச்சுட்டார். டீ ஆறுது, குடி.

— மேடம், ஒரு நிமிஷம்...

— என்ன ஏட்டய்யா?

— அந்தத் தையல்காரம்மா புகாரைத் திருப்பிக் கேக்கறாங்க. டிவியைப் பாத்துட்டு பயந்துட்டாங்க. என் போன் ஒண்ணுக்காக ஊருக்குள்ள துப்பாக்கி வரணுமா, தொலைஞ்சுபோச்சுன்னே எழுதிக்குங்கன்னு அழறாங்க.

— போன்ல எல்லாரோட அளவும் இருக்குன்னு சொன்னாங்களே, அவங்களா?

— அவங்கதான். கல்யாணத் துணியெல்லாம் அப்படியே கிடக்காம்.

— பாத்தியாடா? நீ இன்னும் இறங்கவே இல்ல. அதுக்குள்ள ஒருத்தங்க வாயை மூடிக்கிட்டாங்க.

— ஏட்டய்யா.

— சார்?

— அந்த அம்மாகிட்டச் சொல்லுங்க. உள்ளே ஒரு ராணுவக் கேப்டன் உக்காந்திருக்கான், அவன் போனையும் பிடுங்கிட்டாங்க, அவனும் புகார் குடுக்கறான்னு. அவங்க புகார் நம்பருக்கு அடுத்தது என் நம்பர்னு சொல்லுங்க.

— நிஜமாவா சார்?

— நிஜமாத்தான். நம்பலேன்னா வந்து பாக்கச் சொல்லுங்க.

— சொல்றேன் சார். அப்புறம் மேடம்... சூட்கேஸோட வந்தவர் அரை மணியா உக்காந்திருக்கார்.

— உக்காரட்டும். புகார் எழுதிட்டிருக்கேன்னு சொல்லுங்க.

— சரிங்க மேடம்.

— எழுதுக்கா. திருடு போச்சு. கொட்டை எழுத்துல போடு.

— தொழில்னு ஒரு இடம் இருக்கு. தனியார்னு போட்டு மூடிடவா?

— கேப்டன்னே போடு. செருப்பு அறுந்ததையும் சேத்துக்க.

— அதுக்குச் சட்டத்துல பிரிவு இல்லடா.

— அப்போ விட்டுடு.

— பசங்க முகத்துல எப்படி முழிப்பேன்னியே?

— நாளைக்கு இறங்கினதும் நானே சொல்லிடறேன். எவனாவது சிரிச்சா தண்டால்தான். சிரிச்சு முடிச்ச அப்புறம் இந்த வாசலைக் காட்டுவேன். தெருவுல யார் வந்து முறையிட்டாலும், துப்பாக்கியைக் கீழே சாய்ச்சுட்டு, அவங்களைக் கூட்டிட்டு வந்து எங்க அக்கா முன்னாடி உக்கார வைங்கடான்னு சொல்லுவேன்.

— எங்க அக்கான்னா சொல்லுவே?

— பின்னே? இந்த ஊர்லயே கணக்கு ஏறினதுக்கு நெஞ்சை நிமித்துற ஒரே இன்ஸ்பெக்டர் என் அக்காதான்னு சேத்தே சொல்லுவேன்... என்னக்கா, கண்ணு கலங்குது?

— ஃபேன் தூசுடா. இந்தா பேனா.

— எங்கே போடணும்? இங்கேயா? சரி, வெளியில சூட்கேஸோட ஒருத்தர் மணியைப் பாத்துப் பாத்து உக்காந்திருக்காரே, யாரு அவர்? பாவம், அவரைக் கூப்பிடேன்.

— அவர்தான்டா புது இன்ஸ்பெக்டர். முடியாதுன்னு நான் சொன்ன அடுத்த நிமிஷமே என்னை மாத்திட்டாங்க, இன்னிக்கே ஒப்படைச்சுட்டுக் கிளம்பணும்... வாயைப் பொளக்காதே, கையெழுத்தைப் போடு. தையல்காரம்மாவுக்கும் உனக்கும் நம்பர் விழுந்த அப்புறம்தான் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போறேன்.