முதலில் இறங்குகிறவன்

ஸ்டேஷன் காப்பி நன்றாக இருந்தது, ஐயா. வெல்லம்தான் கொஞ்சம் தூக்கல். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

ஜேடர்பாளையத்துக்குக் கீழே ஆற்றங்கரை மேட்டில் பழைய ராஜா ஒருவரின் தலைநகரம் புதைந்திருக்கிறதென்று சர்வகலாசாலைக்காரர்கள் தோண்டுகிறார்களே, அங்கே கூலியாட்களுக்கு நான் மேஸ்திரி. கருப்பண்ணன் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் எந்தக் குழியானாலும் காலையில் முதலில் இறங்குகிறவன் மேஸ்திரிதான். நாலு மூலையிலும் கற்பூரம் காட்டிவிட்டு அவன் குரல் கொடுப்பான். அதுவரை மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள்; மண்மேட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். அந்த மரியாதை எனக்கு இருந்தது.

கூலியாள் சென்றாயனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். போன மாசம் அவன் மண்வெட்டியில் அரண்மனைச் செங்கற்சுவர் தட்டுப்பட்டது. குருட்டு அதிர்ஷ்டம். அதிலிருந்து, தோண்டும் வேலையை நடத்துகிற பேராசிரியருக்கு எதற்கெடுத்தாலும் அவன்தான். "சென்றாயா, இங்கே வெட்டலாமா? நீ என்ன நினைக்கிறாய்?" ஒரு நாள் என் கையிலிருந்த கற்பூரத் தட்டை வாங்கி அவனிடம் கொடுத்து, "இனிமேல் நீயே முதலில் இறங்கு" என்றார். அவருக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. அந்தப் பயல் பல்லைக் காட்டிக்கொண்டு, "ஏனுங்க மேஸ்திரி, கோவமுங்களா?" என்றான். இல்லை என்றேன்.

முந்தாநாள் சாயங்காலம் ஆட்கள் போன பிறகு, தென்மேற்கே கன்னிமூலையில் குழிச்சுவரின் அடியைக் குடைந்து வைத்தேன். மறுநாள் அவன் கற்பூரத்தோடு அந்த மூலைக்கு வந்து குனிந்தபோது, மேலே நின்று கடப்பாரையால் லேசாக நெம்பினேன். ஆற்று மணல் அல்லவா? ஒரு பக்கம் சரிந்ததும் எல்லாப் பக்கமும் பொலபொலவென்று இறங்கி, குழியே தூர்ந்துவிட்டது.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள். மண் சுமக்கிற ராமாத்தாள், சென்றாயன் பெண்சாதி, என் காலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, நீங்கதானுங்க பார்த்திருப்பீங்க. எங்க ஊட்டுக்காரரு எந்த மூலையில இருந்தாருங்க?"

கன்னிமூலையில் மண் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. நான் எதிரே இருந்த சனிமூலையைக் காட்டினேன். கன்னிமூலை மேல் நானே போய் நின்றுகொண்டேன். காலுக்கடியில் கொஞ்ச நேரம் அசைந்தது, பிறகு இல்லை.

பேராசிரியர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, நான் காட்டிய இடத்தில் வெறுங்கையால் மண்ணை வாரினார். "கருப்பண்ணா, இங்கேயா? நீ சொல், இங்கேயா?" என்று அழுதபடி என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைக்கு முழுக்க அவர் வேறு யாரையும் யோசனை கேட்கவில்லை, ஐயா.