புது ஸ்விட்சிலும் அதே கதை

1. ஆடிட் வருகிறதென்று, தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் நுனியை யாரோ, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சில் செருகிவிட்டார்கள். மறுநுனியும் அதே ஸ்விட்சில்தான் இருந்தது.
2. அனுப்பிய தகவலே சுற்றிச் சுற்றித் திரும்பி வந்ததில் ஸ்விட்சின் பிராசசர் திணறியது.
3. தொழிற்சாலையில் உற்பத்தி லைன் நின்றது.

சிங்கப்பெருமாள் கோவிலில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவில், எதிரே இருந்த மதுரைப் பக்கத்து இளைஞன் இதைத் தன் உள்ளூர் நண்பரிடம் சொல்லிக்கொண்டு வந்தான். அந்தத் தொழிற்சாலையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

"பிராசசர் நூறு சதவீதம் காட்டுச்சுண்ணே. ஸ்விட்சு போச்சுன்னு புதுசு மாத்துனேன்."

"புச்சு ஓடிச்சா?"

"அதுவும் நூறுதான். கேபிள் எல்லாத்தையும் நம்பர் பாத்து அதே எடத்துல மாட்டிட்டேன்ல."

"அந்தக் கேபிளையுமா?"

"அதையுந்தேன். கடைசியில நானே கண்டுபிடிச்சு உருவுனேன். அதுக்குள்ள ரெண்டு ஷிப்ட்டு போச்சு."

"ஜொரம்னு வந்தா ஆளையே மாத்திக்கினு கீறியேடா டாக்டரு!"

அவன் சிரிக்கவில்லை. போனில், அவனை வேலைக்கு வைத்த காண்ட்ராக்டரின் செய்தி வந்தது. வாசித்துக் காட்டினான்: "உள்ள போகாத. ஐடி கார்டை கேட்ல குடுத்துட்டுப் போ."

"நா இன்னான்னு கேக்கட்டா?"

"என்னத்தக் கேப்பீங்க? தப்பு என்னுதுதானண்ணே."

தொழிற்சாலை இருக்கும் வல்லம் வடகாலில் இருவரும் இறங்கினார்கள். ஸ்விட்ச் சரியாக இருக்கிறது. லைன் ஓடுகிறது. அவனுக்கு வேலை இல்லை.