‘ப’ என்னும் பாத்திரம்

அளந்து பேசி ஆழமாய்ச் சிந்திக்கும் அவைத் தலைவர் சிவபாதசுந்தரம் ஐயா அவர்களே, ஆனி மழையை அலட்சியம் செய்து வெள்ளவத்தையின் சந்து ஒழுங்கைகளிலிருந்தெல்லாம் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, இளையோரே, இன்றைய விழாவின் நாயகி யதுஷா அவர்களே, உங்கள் அனைவரையும் இந்தச் சங்கத்தின் செயலாளராகக் கைகூப்பி வணங்குகிறேன்.

பின்வரிசையில் சத்தம் கேட்கவில்லை என்கிறார்கள். சரி, மைக்கைக் கிட்ட எடுக்கிறேன்.

என் பின்னால் தொங்குகிற சுவரொட்டியைப் பாருங்கள். பெரிதாக ஒரே ஒரு சொல். நுளம்பு. அந்தச் சொல்லுக்கும் ஒரு பெண் தன் வேலையை விட்டதற்கும் என்ன தொடர்பு? அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

யதுஷா ஒரு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்தவர். போன வருடம் அங்கே ஒரு வேலை வந்தது. நுளம்பு கடிக்காமல் பூசுகிற கிறீம். ‘இதைப் பூசினால் டெங்கு வராது’ என்று பெரிய எழுத்தில் போடவேண்டும். அதன் மேலே, டெங்குக் காய்ச்சலில் இறந்துபோன ஒரு சிறுமியின் படம். கொட்டாஞ்சேனை ஜீவராணியின் மகள் அனுஷியா. தாயிடம் சம்மதம் வாங்கியாகிவிட்டது. தெளிவான படம் ஒன்றை வாங்கி வருவது மட்டுமே பாக்கி. அதற்கு யதுஷாவை அனுப்பினார்கள்.

ஜீவராணி படத்தை எடுத்து வந்தார். கையில் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தார்.

“சரின்னு சொல்லிட்டேன்மா. புள்ள போனதுக்கப்புறம் யாரு என்ன கேட்டாலும் சரின்னுதான் வாயில வருது. ஆனா இது அவ சிரிக்கிற படம். இதப் பாத்து ஆளுங்க பயப்படணுமா?”

அன்பர்களே, அறத்தைப் பற்றி எத்தனையோ உரைகள் கேட்டிருக்கிறோம். இந்த ஒரு கேள்விக்கு முன் எந்த உரை நிற்கும்? யதுஷா படத்தை வாங்காமல் எழுந்து வந்துவிட்டார்.

நிறுவனத்தின் பொறுப்பாளர் வினோதன் விடவில்லை. “தாய் ஓம் எண்டு சொல்லியாச்சு. உமக்கு என்ன பிரச்சினை?”

“இப்ப அவவுக்கு விருப்பமில்லை. நான் கேட்டுட்டுத்தான் வந்தனான். மற்றது, கிறீம் பூசினால் நுளம்பு கொஞ்ச நேரம் கிட்ட வராது. டெங்கு வராது எண்டு ஆர் சொன்னது?”

“எல்லாரும் இப்பிடித்தான் போடீனம்.”

“இதை நம்பி ஒரு தாய் கிறீமைப் பூசிப்போட்டு வாளித் தண்ணியை அப்பிடியே விடுவா. அதுக்கு என்ர கையால எழுத்து வரையமாட்டன்.”

அந்த மாதத்தோடு அவர் வேலையை விட்டார். விளம்பரம் நின்றதா? நிற்கவில்லை. யாரோ ஒரு நடிகையின் முகத்தோடு வெளிவந்தது. ஆனால் அனுஷியாவின் சிரிப்பு சந்திக்குச் சந்தி தொங்கவில்லை. தடுத்தது ஒரு தனிப்பெண்ணின் தளராத சொல்.

அதன்பிறகு எங்கள் சங்கம் டெங்கு விழிப்புணர்வுக்கு ஒரு சுவரொட்டி செய்ய விரும்பியது. யதுஷாவை அழைத்தோம். குழுவில் ஆளுக்கொரு யோசனை. மண்டையோடு போடலாம் என்றார் ஒருவர். இரத்தச் சிவப்பில் இறப்புக் கணக்கு என்றார் இன்னொருவர். யதுஷா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த கூட்டத்தில் இதை விரித்தார்.

நன்றாகப் பாருங்கள். ‘ம்’ என்ற எழுத்தின் மேலே புள்ளி எங்கே? புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் நுளம்பு பறக்கிறது. அது எங்கே இறங்கப் பார்க்கிறது? பக்கத்திலுள்ள ‘பு’வுக்குள். அதற்குள்ளே நீலமாய், அசையாமல், தண்ணீர் தேங்கி நிற்கிறது. ‘ப’ என்ற எழுத்து மேலே திறந்து கீழே மூடிய பாத்திரம், ஐயா. ஐந்து வயதில் அரிசியில் எழுதிய எழுத்து. ஆயுள் முழுக்க எழுதிய எழுத்து. அதை ஒரு பாத்திரமாக நம்மில் யார் பார்த்தோம்? கீழ் மூலையில் இன்னொரு ‘ப’. தலைகீழாக. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதனருகே சின்னதாக, ‘கவிழ்த்து வையுங்கள்.’

நம் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். “அச்சடிப்பம்” என்றார். அவ்வளவுதான்.

சிரிக்கிறீர்கள். ஐயா அதற்கு மேல் பேசமாட்டார் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஒட்டிய மறுநாள் நான் போயிருந்தேன். அங்கே பழம் விற்கும் சிங்களச் சகோதரர் ஒருவர், கடைக்குப் பின்னால் கிடந்த பெயின்ட் வாளிகளை ஒவ்வொன்றாய்க் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டேன். சிங்களத்திலேயே பதில் சொன்னார்: “எழுத்துத் தெரியாது, அண்ணே. சட்டியில் தண்ணீர் நிற்கிறது, நுளம்பு வருகிறது. இது விளங்காதா?”

மொழி தெரியாத மனிதனிடமும் பேசிவிட்டது நம் மொழியின் ஓர் எழுத்து. மிரட்டாமல் பேசியது. பொய் சொல்லாமல் பேசியது. ஒரு தாயின் துயரத்தைக் கடன் வாங்காமல் பேசியது. அச்சத்தை விற்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். கண்ணைத் திறந்துவிடுகிறவர் எத்தனை பேர்?

சந்தியிலிருந்து ஜீவராணி வீட்டுக்கும் போனேன். ஒரு பிரதியை நீட்டத் தயக்கமாக இருந்தது. அவர் வாங்கி வெகுநேரம் பார்த்தார். “இன்னும் இருக்கா? எங்க தோட்டத்துல எல்லா வீட்டு வாசல்லயும் ஒட்டணும்” என்றார். கட்டாக எடுத்துக்கொண்டு போய், பசை காய்ச்சி, தானே ஒட்டினார். இப்போது ஞாயிறு காலைகளில் அந்தக் குடியிருப்புப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கூரைப் பீலியிலும் பூச்சட்டித் தட்டிலும் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்கிறார்கள். முன்னால் நடப்பவர் ஜீவராணி. அதோ, மூன்றாம் வரிசையில் நீலச் சேலையோடு இருக்கிறார். எழுந்து நிற்க வேண்டாம் அம்மா. நாங்கள் எழுகிறோம். அவை முழுவதும் ஒருமுறை எழுந்து நிற்கட்டும்.

நன்றி. அமருங்கள்.

யதுஷா, உங்கள் கைக்குத் தமிழ் நன்றி சொல்கிறது. செவி தந்த சபைக்கு என் நன்றி. வெளியே மழை விட்டுவிட்டது. வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றும் முன் முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் நலமாய் இருக்கட்டும். வணக்கம்.