பம்ப் ரூமுக்குப் பின்னால்

மாமியார்: ...பேச்சை மாத்தாதே. தலை ஏன் ஈரமா இருக்கு?

மருமகள்: முகம் கழுவினேன் அத்தை.

மாமியார்: உச்சந்தலை வரைக்குமா உனக்கு முகம்? பார்க் குழாய்ல காலையிலேருந்து சொட்டுத் தண்ணி இல்ல.

மருமகள்: உங்க டிக்கெட் ஜன்னல்ல ஆள் நிக்கறாங்க, பாருங்க...

மாமியார்: நிக்கட்டும். ரோப் கார் இனிமே மூணு மணிக்குத்தான். தினம் சாப்பாட்டு நேரத்துல எங்கடி காணாமப் போற?

மருமகள்: சும்மா... காலாற...

மாமியார்: காலாறப் போனா தலை நனையுமா?

மருமகள்: சரி, சொல்றேன். கத்தாதீங்க. பம்ப் ரூமுக்குப் பின்னால ஒத்தையடிப் பாதை போகுதுல்ல... அங்க ஒரு அருவி இருக்கு. சின்னதுதான். ஈ காக்கா வராது.

மாமியார்: அருவியா! நம்ம மலையிலயா!

மருமகள்: மெதுவா அத்தை! மேனேஜர் காதுல விழுந்தா அம்புக்குறி போட்டுப் போர்டு வெச்சிடுவார். புது மேப்ல சேர்க்க ஏதாவது இடம் இருக்கான்னு நேத்துதான் கேட்டார். பம்ப் ரூம் பக்கம் என்னன்னு...

மாமியார்: நீ என்ன சொன்னே?

மருமகள்: வெறும் சேறு, அட்டை கடிக்கும்னேன்.

மாமியார்: அடிப்பாவி! விசாரணை ஜன்னல்ல உக்காந்துகிட்டுப் புளுகுறியா?

மருமகள்: வேற என்ன பண்றது? வீட்ல நீங்க, பஸ்ல நீங்க, இங்க பக்கத்து ஜன்னல்லயும் நீங்க... என்னை யாரும் கூப்பிடாத இடம் அது ஒண்ணுதான் அத்தை. அதுவும் போச்சுன்னா எனக்கு அழுகையே வந்துடும். கோவமா?

மாமியார்: மேனேஜர் என்கிட்டயும் வந்தார். உன் மருமக சொல்றது நிஜமான்னு கேட்டார்.

மருமகள்: ஐயையோ! என்ன சொன்னீங்க?

மாமியார்: அட்டை என்ன அட்டை, பாம்பே இருக்குன்னேன். மனுஷன் மேப்பைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டார்.

மருமகள்: அத்தை! எனக்காகவா?

மாமியார்: ஆசைதான்! அந்தப் பாறை இடுக்குல ஒரு பச்சை சோப்புப் பெட்டி இருக்குமே...

மருமகள்: ஆமா, யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க. நான்தான் தினம் கொஞ்சம்... இருங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமியார்: அதான் வாரத்துக்கு ஒண்ணு கரையுதா! நீ வீட்டுக்கு வந்த நாள்லேருந்து, உன் வாய்க்குப் பயந்து காலை டீ நேரத்துல நான் ஓடி ஒளியற இடம்டி அது! நாளைக்கு உன் சோப்பை நீ கொண்டு வா... அப்புறம், தலையை மட்டும் நனைக்காதே. நான் இத்தனை வருஷம் மாட்டாம இருக்கறது அதனாலதான்.