முட்டைக்காரியின் டார்ச்

மணி பதினொன்றே கால். கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையின் கேட்டிலிருந்து வீடுகள் இருக்கும் பக்கம் போகிறதே, அந்த வாய்க்கால் ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தைலமரம், நடுவில் ஒரு குட்டிப் பாலம். தெருவிளக்கு ஒன்றுகூட இல்லை. கம்பம் மட்டும் வரிசையாக நிற்கிறது. நட்டவர்கள் அதோடு கடமை முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த ரோட்டில் தினமும் தன்னந்தனியாக நடந்து வருகிறவள் நம்ம பெயிண்டரின் கொழுந்தியாள். அவன் மனைவியின் கூடப்பிறந்த தங்கை. இது அவளுக்கு நடந்தது. நம்பாதவர்கள் நாளைக்குப் பெயிண்டரையே பிடித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜன்னலை ஏன் சாத்துகிறீர்கள்? திறந்தே இருக்கட்டும், புழுங்குகிறது. பயமாக இருக்கிறவர்கள் தாராளமாக எழுந்து போகலாம்… தனியாக.

பண்ணையில் அவளுக்கு முட்டைக்காரி என்று பெயர். விற்கிறவள் இல்லை. இருட்டறையில் உட்கார்ந்து, டார்ச்சின் வாய்மேல் முட்டையை வைத்து, உள்ளே பார்க்கிறவள். சிவப்பாக நரம்பு ஓடியிருந்தால் உயிர் இருக்கிறது, மறுபடி இன்குபேட்டருக்குப் போகும். வெறிச்சென்று இருந்தால் கூமுட்டை, குப்பைக் கூடைக்குப் போகும். வாயும் அவளுக்குக் கொஞ்சம் நீளம். புதிதாக வந்த சூப்பர்வைசரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவர லைட்டுல வெச்சு வேற பாக்கணுமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவள்.

அவள் டார்ச் ஒரு பழைய மூன்று கட்டை டார்ச். பித்தளை உடம்பு, முலாம் போய் மஞ்சள் பல் இளிக்கும். பின்மூடி நிற்காது, ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். உள்ளங்கையில் ஓங்கித் தட்டினால்தான் எரியும். எரிந்தாலும் காலடியில் ஒரு மஞ்சள் வட்டம், அவ்வளவுதான். அந்த வட்டத்தை மிதித்துக்கொண்டே அவள் வருஷக்கணக்காக அந்த ரோட்டில் வந்து போயிருக்கிறாள்.

மெயின் ரோடு வழியாக வரலாமே என்று கேட்பீர்கள். வெளிச்சமான ரோடுதான், ஆனால் சுற்று. அவளுக்கு அதற்கு நேரமில்லை. வீட்டுக்காரன் பேக்கரியில் அடுப்பு வேலை பார்க்கிறான். மகளைத் தூங்க வைத்து, வெளியே பூட்டிவிட்டு, பத்து மணிக்குக் கிளம்பிவிடுவான். இவள் வந்து தன் சாவியால் திறக்க வேண்டும். இடையில் அந்த எட்டு வயசுப் பெண் வீட்டில் ஒற்றையாகக் கிடக்கும். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் அவள் தினமும் அந்தக் குறுக்கு வழியில் ஓட்டமும் நடையுமாக வருவாள்.

ஒருநாள் டார்ச் அடியோடு படுத்துவிட்டது. தட்டிப் பார்த்தாள், உதறிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். ம்ஹூம்.

"தூக்கிப் போட்டுத் தொலை. சார்ஜ் போடுற மாதிரி புதுசு வாங்கிக்கலாம்" என்றான் வீட்டுக்காரன்.

"உங்களுக்கும்தான் முடி கொட்டிப்போச்சு. தூக்கியா போட்டேன்?"

அவன் தலையைத் தடவிக்கொண்டு போய்விட்டான். அவள் டார்ச்சை ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் கொண்டு போனாள். அவர் கழற்றி மேஜைமேல் பரப்பினார். உள்ளே பேட்டரிக் கட்டை கசிந்து பச்சைப் பொடி பூத்திருந்தது.

"ஸ்விட்சு தகடு தேஞ்சுபோச்சும்மா. சரி பண்ணலாம், ஆனா அடுத்த மாசம் திரும்ப வருவீங்க. புதுசு வாங்குனா அது ஒரு வருஷம். இல்லேன்னா இந்த உடம்புக்குள்ளயே புது பல்பு, வெள்ளை லைட்டு, மாட்டித் தரேன். பாலம் வரைக்கும் பட்டப்பகலாத் தெரியும்."

"எனக்குப் பட்டப்பகல் வேணாம். ஸ்விட்ச மட்டும் பாருங்க. வேற எதுலயும் கை வெக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் வாங்கிக்கொண்டாள். இருட்டறையில் போய் ஸ்விட்சைத் தள்ளினால்… பளீர். மனிதர் பல்பை மாற்றிவிட்டார்! கேட்டால் வேண்டாம் என்பாள் என்று கேட்காமலே மாற்றிவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முதல் முட்டையைத் தூக்கி வைத்தாள். தடித்த ஓடு, பழுப்பு நிறம். இந்த மாதிரி முட்டையை எல்லாம் அவள் கூமுட்டை என்றுதான் ஒதுக்குவாள். வெள்ளை வெளிச்சத்தில், உள்ளே ஓரமாக, மயிரிழையாக ஒரு சிவப்பு நரம்பு… துடித்தது. உயிர்.

அவள் ரொம்ப நேரம் அந்த முட்டையையே கையில் வைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் எத்தனையைக் கூடையில் எறிந்திருக்கிறேனோ என்று குப்பைக் கூடையைத் திரும்பிப் பார்த்தாள். பழைய பல்பு வேண்டும் என்கிற பேச்சு அந்த இடத்திலேயே முடிந்தது.

அன்றைக்கு ராத்திரி, பதினொன்றே கால், வாய்க்கால் ரோடு. காற்று இல்லை. அவள் செருப்புச் சத்தம்… சரக், சரக். டார்ச்சை நேராக நீட்டினாள். வெளிச்சம் ஓடிப்போய்ப் பாலத்துச் சுவரில் விழுந்தது.

சுவர்மேல் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

மஞ்சள் வட்டம் ஒருநாளும் அவ்வளவு தூரம் போனதில்லை. அதனால் அது இன்றைக்குத்தான் வந்ததா, இத்தனை வருஷமும் அங்கேயேதான் உட்கார்ந்து அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்ததா… தெரியாது. ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த பீரோவைத் திறந்தால் வருமே, அந்த வாடை வந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் தண்ணீர்ச் சத்தம் மட்டும் நின்றுபோனது.

"அக்கா… கண்ணு கூசுது… அணைச்சிடுங்க…"

ஜலதோஷம் பிடித்த குரல். ஆணா பெண்ணா, சொல்ல முடியாது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அணைத்திருப்பீர்கள். அப்புறம் நடந்ததைச் சொல்ல ஆள் இருந்திருக்காது. அவளுக்கும் அணைத்துவிடத்தான் கை போனது. பயம்தான், சாமான்யப் பயம் இல்லை. ஆனால் அந்தப் பயத்தோடு கூடவே கோபமும் வந்தது. இந்த ரோட்டைத் தாண்டித்தானே பிள்ளை ஒற்றையாகக் கிடக்கிறது?

"கூசுனா கண்ண மூடிக்கோ! என் லைட்ட நான் எதுக்கு அணைக்கணும்?"

சொல்லிவிட்டுப் பாலத்தின் மேல் விறுவிறுவென்று நடந்தாள். தாண்டியும் விட்டாள். பின்னால், பக்கத்திலேயே…

"மூடிக்கிட்டேன்… வழி தெரியலையே அக்கா…"

தோளில் விரல்கள் வந்து உட்கார்ந்தன. சில்லென்று இல்லை, ஈரமும் இல்லை. கனமே இல்லாமல், முட்டை ஓடு மாதிரி இருந்தன.

ஓடினால் அது ஜெயித்த மாதிரி. அவள் ஓடவில்லை. தனக்குத் தெரிந்த வசவுகளை எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே, தோளில் அந்த விரல்களோடு, வீடு வரைக்கும் நடந்தாள். வாசலில் வந்து நின்றதும் அது தோளை விட்டது.

"வீடு வந்தாச்சாக்கா? கண்ணத் தெறக்கலாமா?"

கதவுக்கு அந்தப் பக்கம் மகள் தூங்குகிறாள்.

"கூடாது. நான் சொல்ற வரைக்கும் தெறக்கக் கூடாது."

"சரிக்கா" என்றது. நல்ல பிள்ளை மாதிரி.

திரும்பிப் பார்க்காமல் பூட்டைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மகளைக் கட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். காலையில் வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டியபோது வாசலில் யாருமில்லை. வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அவன் ரிப்பேர்க்காரருக்குச் சொல்லி அனுப்பினான். அவரும் விழுந்தடித்து ஓடி வந்தார், கையில் பழைய பல்போடு.

"நான்தாம்மா தப்புப் பண்ணிட்டேன். இதையே மாட்டிடறேன். அது பாட்டுக்கு அது இருக்கட்டும், நீங்க பாட்டுக்கு நீங்க போங்க."

"பேசாம அந்தச் சனியன வாய்க்கால்ல வீசிடு" என்றான் வீட்டுக்காரன், டார்ச்சைக் காட்டி.

அவள் டார்ச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அதுக்குக் கண்ணு கூசினா நான் இருட்டுல நடக்கணுமா? இந்த லைட்டுலதான் உயிரு உயிராத் தெரியுது எனக்கு. எவனுக்காகவும் இதக் கொறைக்க மாட்டேன். அது பாலத்துக்குப் போயிருச்சு. நீங்க ஒழுங்கா வேலைக்குப் போங்க."

வாசல் வெறுமையாக இருந்ததே, அதை நம்பிச் சொன்னாள். அங்கேதான் அவள் கணக்கு தப்பியது.

அன்றிரவு வீம்புக்கே டார்ச்சைத் தூக்கிப் பாலத்தின் மேல் அடித்தாள். யாருமில்லை. வாடை இல்லை. தண்ணீர் சலசலவென்று ஓடும் சத்தம் கேட்டது. "என்ன, பயந்துட்டியா?" என்று சத்தமாகவே கேட்டாள். சிரிப்புகூட வந்தது.

நாலடி வைத்திருப்பாள். சிரிப்பு நின்றது.

நான் சொல்ற வரைக்கும் என்று யார் சொன்னது? அவள்தானே? சரிக்கா என்று அது ஒப்புக்கொண்டதே! கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது, அதற்கு வழி தெரியாது. வழி தெரியாதது எப்படித் திரும்பிப் போகும்?

அது போகவே இல்லை. வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

செருப்பை உதறிவிட்டு ஓடினாள். ஐயோ, என் பிள்ளை, என் பிள்ளை என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினாள். தெரு முனையிலேயே அந்தக் குரல் கேட்டது. நிதானமாக, மூக்கடைத்த குரலில்…

"அறுபத்தெட்டு… அறுபத்தொன்பது…"

டார்ச்சை அடித்தாள். வாசல் கதவுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. முகத்தைக் கைகளால் பொத்தியிருந்தது. விரல்கள் கண்ணோடு நிற்கவில்லை. காதைத் தாண்டி, தலையைச் சுற்றிப் போய், பிடரியில் ஒன்றோடொன்று பின்னியிருந்தன.

ஜன்னல் கம்பிக்குள் மகளின் முகம். தூக்கம் கலைந்து, குஷியாக இருந்தது.

"அம்மா, இவங்க கண்ணத் தெறக்கலாமான்னு கேட்டாங்கம்மா. நூறு எண்ணிட்டுத் தெறங்கன்னு சொன்னேன். நான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கவா?"

"தொண்ணூத்தொண்ணு… தொண்ணூத்தி ரெண்டு…"

பூட்டு அதன் இடுப்புக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதைத் தொடாமல் சாவியை நுழைக்க முடியாது.

"தெறக்காதே! நான் இன்னும் சொல்லல!"

அது திரும்பவில்லை. "பாப்பா சொல்லிடுச்சுக்கா… தொண்ணூத்தாறு…"

கெஞ்சலாமா என்று ஒரு கணம் நினைத்தாளாம். அவளே பிறகு தன் அக்காவிடம், பெயிண்டர் மனைவியிடம், சொன்னது. காலில் விழலாமா, லைட்டை அணைத்துவிடலாமா என்று. டார்ச்சை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"தொண்ணூத்தெட்டு…"

"தப்பு!"

குரல் நின்றது.

"எழுபத்தி மூணை விட்டுட்டே. நான் கேட்டுக்கிட்டுத்தானே வந்தேன்? சின்னப் பிள்ளைன்னு ஏமாத்துறியா? வெக்கமா இல்ல? முதல்லேர்ந்து எண்ணு!"

அது எதையும் விடவில்லை. ஒழுங்காகத்தான் எண்ணியது. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஜன்னலில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். பின்னிய விரல்கள் பிடரியில் ஒருதரம் நெளிந்தன. பிறகு, சுவரைப் பார்த்தபடியே…

"ஒண்ணு…" என்றது.

இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். வீட்டுக்காரன் பகல் வேலைக்கு மாறிக்கொண்டான். வீட்டை மாற்றச் சொல்லி அக்கா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "வந்தது அது. போறதுன்னா அதுதான் போகணும்" என்றுவிட்டாள் முட்டைக்காரி. இருட்டினால் வாசலில் குரல் ஆரம்பிக்கும். தொண்ணூறைத் தாண்டும்போது வீட்டில் யாராவது விழித்திருந்து "தப்பு" என்று சொல்ல வேண்டும். மகள்தான் இதில் கெட்டிக்காரி. "அறுபதை ரெண்டு தடவ சொன்னீங்க" என்று முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு சொல்லுமாம். டார்ச்சில் இன்னமும் அந்த வெள்ளை பல்புதான்.

போன வாரம் அவர்களைக் கொஞ்சம் தூங்க விடலாம் என்று பெயிண்டர் அங்கே போய்ப் படுத்தான். தொண்ணூற்று நாலில் நாக்குக் குழற "தப்பு" என்று சொல்லியும் விட்டான். குரல் நின்றது. மறுபடி "ஒண்ணு…" என்றது. அப்பாடா என்று தலையணையில் சாய்ந்தால்… கொஞ்சம் தள்ளி, வாய்க்கால் பக்கமிருந்து, இன்னொரு தொண்டை "ஒண்ணு…" என்றது.

தவழ்ந்தே போய்க் கொழுந்தியாளை எழுப்பினான். அவள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு ஜன்னலுக்கு வந்தாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். நீண்ட நேரம் கேட்டாள். டார்ச்சை எடுத்து, கம்பி வழியாக, இரண்டு பக்கமும் பளீரென்று அடித்தாள்.

"ரெண்டு பேருமே தப்பு" என்றாள். "முதல்லேர்ந்து."